யார் கொளுத்திய கோவில்

நான் நேரில் பார்த்தே இராத ஒரு கோவிலின் வரலாற்றை எழுதியிருக்கிறேன். அது அமெரிக்காவில் அச்சாகியும் விட்டது. என் பெயர் அதில் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நான் எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாராவது கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

நான் நர்ஸ். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எனக்கு. வளைகுடாவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதலில் தோஹாவில் ஆஸ்பத்திரி வேலை. கணவருக்கு ஏசி மெக்கானிக் வேலை துபாய் பக்கம் கிடைத்த பிறகு பக்கத்து அஜ்மானில் ஒரு ரூம் எடுத்து வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி டியூட்டி முதுகை ஒடித்துவிட்டதால் வீட்டு நர்ஸாக மாறினேன். காலை ஆறரைக்கு இன்னும் நாலு பேரோடு ஒரே காரில் நெருக்கிக்கொண்டு துபாய் போவேன். சாயங்காலம் அதே கார் வந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்.

அப்படி நான் மூன்று வருடம் வேலை பார்த்த வீடு ஓர் அமெரிக்கருடையது. எரிவாயு எஞ்சினியர். மாதத்தில் பாதி நாள் கத்தாரில் ராஸ் லஃபானில் இருப்பார். மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். எஞ்சினியருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அங்கே இருந்த பிலிப்பினோ பெண் அந்த அம்மாவை "மம்மா" என்று கூப்பிட்டுப் பழக்கியிருந்தாள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மம்மாவுக்கு எண்பத்தொன்பது வயது. சர்க்கரை உண்டு, இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்திருந்தது, அதோடு மறதி. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது பத்து மணிக்கு மறந்துபோகும். ஆனால் ஏழு வயதில் பள்ளிக்கூடம் போன வழியில் எத்தனை பாலம் என்று விரல்விட்டுச் சொல்வார். சில நாள் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சில நாள் செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொல்லி, "ஏன் இப்படிக் கறுத்துட்டே? தொப்பி போடாம வயலுக்குப் போனியா?" என்று கேட்பார்.

"ஆமா மம்மா, மறந்துட்டேன்" என்பேன். வேறென்ன சொல்ல?

ஒருநாள் மகன் ராஸ் லஃபானிலிருந்து வந்தவர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கையில் அச்செடுத்த ஒரு மின்னஞ்சல். மம்மா பிறந்து வளர்ந்த ஊர் அமெரிக்காவின் நடுவில், சோள வயல்களுக்குள் இருக்கிற ஒரு சின்னக் கிராமம். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்கள் கூடி அங்கே ஒரு கத்தோலிக்கக் கோவில் கட்டினார்களாம். நூறு வருடத்துக்கும் மேலாகப் பூசை நடந்த கோவில். இப்போது ஊரில் ஆளும் இல்லை, அனுப்புவதற்குச் சாமியாரும் இல்லை. மூடப்போகிறார்கள். மூடும் முன்னால் ஒரு புத்தகம் போட நினைக்கிறார்கள், பழைய குடும்பங்கள் தங்கள் ஞாபகங்களை அனுப்ப வேண்டும் என்று அந்தக் கடிதம் கேட்டிருந்தது. எழுதியவர் அந்த ஊரிலேயே இருக்கிற ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா.

"எங்கிட்ட அம்மா எதுவும் சொல்றதில்ல. உன்கிட்டதான் நாள் பூரா பேசறாங்க. நீ எழுதி வை" என்றார் மகன்.

"சார், எனக்கு பேஷண்ட் ரிப்போர்ட் எழுதத்தான் தெரியும்."

"அதே மாதிரி எழுது. போதும்."

அப்படித்தான் எழுதினேன். என் இங்கிலீஷில், ஒரு நோட்டில், ரிப்போர்ட் எழுதுகிற பழக்கத்திலேயே. 'காலை 10.15. பேஷண்ட் தெளிவாக இருக்கிறார். தன் தாத்தாவின் அப்பா கப்பலில் வந்தபோது வழியில் இறந்த இரண்டு குழந்தைகளைக் கடலில் இறக்கியதாகச் சொல்கிறார். அழவில்லை. தண்ணீர் கேட்டார்.'

முதல் இரண்டு வாரம் எல்லாம் நேராகப் போனது. அந்த ஊரின் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. ஓடைக்குக் கிழக்கே குடியேறியவர்கள் ஜெர்மனியின் தெற்கிலிருந்து வந்தவர்கள். மேற்கே இருந்தவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள், மம்மாவின் ஆட்கள். இரண்டு பேரும் பேசுவது ஜெர்மன்தான். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாதாம். முதல் கோவிலை மரத்தில், கிழக்குக் கரையில் கட்டினார்கள். அது எரிந்துபோனது. இடி விழுந்து எரிந்தது என்றார் மம்மா. அதன் பிறகு செங்கல்லில் கட்டியது மேற்குக் கரையில். அதற்கு நிலம் கொடுத்தவர் மம்மாவின் தாத்தா. வாசலில் அவர் பெயர் போட்ட பித்தளைத் தகடு இருக்கிறதாம்.

எங்கள் ஊரிலும் மேலத்தெரு, கீழத்தெரு உண்டு. சப்பரம் எந்தத் தெருவில் முதலில் நுழைவது என்று தலைமுறை தலைமுறையாக அடிதடி. ஒரு வருடம் மாதா நடுரோட்டில் மூன்று நாள் நின்றிருந்தாள். அதனால் மம்மா சொன்ன சண்டை எனக்கு அந்நியமாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அங்கயுமா? ஏளா, நம்மாளுவதான் இப்படின்னுலா நெனச்சேன்."

"இவுகளும் அப்படித்தான் இருந்திருக்காவ. ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் பொண்ணு குடுக்க மாட்டாவளாம்."

"எழுது, எழுது. நல்லா எழுது" என்றார்.

குழப்பம் ஆரம்பித்தது நாங்கள் பூசைக்குப் போன பிறகுதான். மகன் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, மம்மா கோவிலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இங்கிலீஷ் பூசைக்குச் சக்கர நாற்காலியை உள்ளே நுழைக்க முடியாத கூட்டம். அடுத்து தமிழ்ப் பூசை. நான் எப்படியும் போகிற பூசைதான். சரி, ஆண்டவர் ஒருவர்தானே என்று மம்மாவை அதற்கே கூட்டிப்போய்ப் பின்வரிசை ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினேன். ஒரு மணி நேரமும் அசையாமல் இருந்தார். பிரசங்கத்தின்போது அவ்வப்போது தலையாட்டினார். எல்லோரும் பாடும்போது அவர் உதடும் அசைந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல ஜெர்மன்" என்றார். "எங்க தாத்தா பேசற ஜெர்மன். எத்தனை வருஷமாச்சு கேட்டு! எனக்குப் பாதிதான் புரிஞ்சுது."

நான் திருத்தவில்லை. "சாமியார் என்ன சொன்னாரு மம்மா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரனோட சண்டைய முடிச்சிட்டு அப்புறம் கோவிலுக்கு வான்னார்."

அன்றைய பிரசங்கம் அதேதான். காணிக்கையைப் பீடத்துமுன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்ற வசனம். எப்படிப் புரிந்தது? அல்லது எந்தச் சாமியாரும் எந்தப் பாஷையிலும் அதைத்தானே சொல்வார் என்று மம்மா குத்துமதிப்பாகச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தில் நானும் பேசிவிட்டேன். கோவில் வளாகத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து, என் ஊர்க் கோவிலைப் பற்றி மம்மாவிடம் சொன்னேன். சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டித் தண்ணீரும் முட்டையும் கலந்து கட்டிய சுவர் என்றேன். வீட்டுக்கு ஒரு கூடை முட்டை கொடுக்க வேண்டும், கொடுக்காத வீட்டுக் கல்யாணத்துக்கு மணி அடிக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஐந்தாறு நாள் கழித்து, காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும்போது மம்மாவே ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழம கோழி போடற முட்டை கோவிலுக்கு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியாது மம்மா. சொல்லுங்க."

"எங்க பக்கத்துப் பொம்பளைங்க எல்லாரும் கொண்டுவந்து குடுப்பாங்க. கூடை கூடையா. அதைச் சாந்துல போட்டுக் கலந்தாங்க. அதனாலதான் அந்தச் சுவர் இன்னும் நிக்குது."

ஊசியை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை முட்டை பற்றி நான் சொல்லவில்லை. அது அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். சாந்தில் கலந்தது? அது என்னுடையதா, அவருடையதா? "மம்மா, இது உங்க ஊர்லயா, எங்க ஊர்லயா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ஊர்தான். நீயும்தானே கூடை தூக்கினே" என்றார். அன்றைக்கு நான் அக்கா.

நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். பேஷண்ட் சொன்னதை எழுதுவதுதான் நர்ஸின் வேலை. சரியா தப்பா என்று பார்ப்பது டாக்டரின் வேலை. அப்படி நினைத்து எழுதிவிட்டேன். 'பேஷண்ட் சொல்வது' என்று முன்னால் போட்டேன். அந்த இரண்டு வார்த்தையும் பிறகு புத்தகத்தில் இல்லை.

அது முட்டை விஷயம். யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்தது அப்படி இல்லை.

ஜனவரி மாதம் ஒரு மத்தியானம் துபாயில் நல்ல மழை. இங்கே மழை என்றால் ரோடெல்லாம் குளம். இடியும் மின்னலும் வந்ததும் மம்மா பயந்துவிடுவார் என்று திரைச்சீலையை இழுத்து மூடப் போனேன். "மூடாதே" என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, மிகவும் நிதானமாக, "அன்னைக்கு இடியே இல்ல" என்றார்.

"என்னைக்கு மம்மா?"

"கோவில் எரிஞ்ச அன்னைக்கு. வானம் சுத்தமா இருந்துச்சு. எங்க தாத்தாதான் கொளுத்தினார்."

பிறகு சொன்னார். அந்த வருடம் வசந்தத்தில் ஓடையில் வெள்ளம். தாத்தாவின் முதல் குழந்தை, பெண், பிறந்து எட்டு நாள், உடம்புக்கு முடியாமல் இருந்தது. கோவிலும் சாமியாரும் கிழக்குக் கரையில். தாத்தா இந்தக் கரையில் நின்று கத்தினார். அந்தக் கரையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் படகை இறக்கவில்லை. குழந்தை ஞானஸ்நானம் இல்லாமலே செத்துப்போனது. வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நாள் தாத்தா நடந்தே ஓடையைக் கடந்து போனார். திரும்பி வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. பிறகு மணியும் விழுந்துவிட்டது.

"யாரு சொன்னா மம்மா உங்களுக்கு இத?"

"எங்க அம்மா. அவங்களுக்கு அவங்க மாமியார். ஆம்பளைங்களுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே."

அவ்வளவு தெளிவாக மம்மா அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. கால் மணி நேரம் கழித்து, "மழை நின்னுடுச்சா? துணி காயப் போட்டிருக்கா?" என்று கேட்டார். அந்த வீட்டில் துணி காயப் போடுகிற வழக்கமே கிடையாது, மெஷின்தான்.

அன்று சாயங்காலம் காரில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து அஜ்மான் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கணவரிடம் சொன்னேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். "கோவிலயா கொளுத்துனாரு? நிலங்குடுத்த மனுசனா?"

"அப்படித்தான் சொல்லுதாவ."

"ஒனக்கு எதுக்குளா இந்தப் பாடு. புத்தி பெரண்ட மனுசி சொன்னதப் போயி எழுதுனன்னா அவரு ஒன்ன சும்மா விடுவாரா? எழுதாத."

"பொய்யின்னா இவ்வளவு ஒழுங்கா சொல்ல முடியுமா?"

"முட்டயையும் ஒழுங்காத்தான சொன்னாவ?"

நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எழுதாமலும் இருக்க முடியவில்லை. ஒரு பேஷண்ட் மனதில் இருந்ததை இறக்கிவைத்தார். அதைக் கேட்டது உலகத்தில் நான் ஒருத்திதான். நான் மறந்துவிட்டால் அது இல்லாமலே போய்விடும். கடைசியில் மறுநாள் நோட்டின் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினேன். தமிழ் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் புரியாது. நான்கே வரி. 'மம்மாவின் தாத்தாதான் கோவிலைக் கொளுத்தினாராம். இடி இல்லையாம். குழந்தை செத்த கோபமாம். உண்மையா பொய்யா ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.'

மார்ச் மாதம் மகன் அவசரப்பட்டார். புத்தகம் அச்சுக்குப் போகிறது, எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு என்றார். அதற்குள் மூன்று நோட்டு நிரம்பியிருந்தது. மம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒரு கையால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். தமிழ்ப் பக்கம் வந்தபோது தாண்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அனுப்பிவிட்டேன். அவர் ராஸ் லஃபானில் டியூட்டியில் இருந்தபடியே, படிக்காமல், அப்படியே அமெரிக்காவில் புத்தகம் போடுகிற டீச்சர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள் மகன் வந்து, "டீச்சர் அம்மா வீடியோவில் பேசணுமாம். அம்மாவோட, உன்னோட. நீ தமிழில் எழுதின பக்கத்தைப் பற்றியாம். என்ன எழுதினே?" என்று கேட்டார்.

போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மற்ற பக்கங்களுக்கு நடுவில் தெளிவாக இருந்தது. ஆனாலும் தமிழ்தானே, அங்கே சோளக்காட்டில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது? அந்த நம்பிக்கையும் அடுத்த பேச்சில் போனது. டீச்சர் அம்மா சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் மதுரைக்காரராம். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். அவரிடம் போனைக் காட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அதற்கு மேல் மறைக்க முடியாது. மகனிடம் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"என்கிட்ட ஏன் முதல்ல சொல்லல?"

"மம்மா சொல்லாதேன்னாங்க சார். நெஜமான்னும் எனக்குத் தெரியல."

"அவங்களுக்கு நேத்து என்ன கிழமைன்னு தெரியாது" என்றார். வெளியே போனவர் கதவருகில் திரும்பினார். "எங்க அம்மாவோட தாத்தா வருஷத்துல ஒரு நாள் தண்ணிகூடக் குடிக்க மாட்டாராம். ஏன்னு சரியா யாருக்கும் தெரியாது. செத்துப்போன குழந்தைக்காகன்னு சொல்வாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஆனாலும் வரச் சொன்னார்கள். வேலை போகப்போகிறது என்ற முடிவோடுதான் போனேன். கணவரும் என்னைத் திட்டிக்கொண்டே, டாக்ஸியில் கூடவே வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

திரையில் டீச்சர் அம்மா வந்தார். வெள்ளை முடி, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. பின்னால் சமையலறை ஜன்னல், அதற்கு வெளியே ஒரே பனி. கையில் என் பக்கத்தைக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். என் கையெழுத்தை அவ்வளவு தூரத்தில் பார்க்க என்னவோ போலிருந்தது. மம்மாவிடம் நலம் விசாரித்தார். நீங்கள் என் அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்றார். மம்மா புன்னகைத்தார்.

"நான் கிழக்குக் கரை" என்றார் டீச்சர் அம்மா. "எங்க வீட்டுலயும் ஒரு விஷயம் உண்டு. வெளியில சொல்ல மாட்டோம். எங்க அம்மாவோட தாத்தா சாகும்போது சாமியார்கிட்ட மட்டும் இல்ல, பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் செத்தார். கோவிலைக் கொளுத்தினது நான்தான்னு."

மகன் திரைக்குக் கிட்டே போய்விட்டார். "யார்? உங்க அம்மாவோட தாத்தாவா?"

"அவர்தான் மணியடிக்கிறவர். சாவி அவர்கிட்டதான். மரக்கோவில் நிக்கிற வரைக்கும் செங்கல்லுல கட்ட யாரும் சம்மதிக்கல. எரிஞ்சா எங்க கரையிலேயே பெரிசாக் கட்டுவாங்கன்னு நினைச்சார். அதுக்குள்ள உங்க அம்மாவோட தாத்தா நிலம் கொடுத்திட்டார். கோவில் அந்தக் கரைக்குப் போயிடுச்சு. அந்தக் கவலையிலேயே செத்தார்."

நான் மம்மாவைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை. மடியில் இருந்த கம்பளியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, திரையை நேராகப் பார்த்து, "அவனுக்கு அவ்வளவு தைரியம் ஏது?" என்றார்.

டீச்சர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். மகனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. ஒரு கோவிலை இரண்டு பேர் கொளுத்தியிருக்க முடியுமா? ஒரே நாளில், ஒருவருக்கொருவர் தெரியாமல்? அல்லது இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் கொளுத்த நினைத்து, நினைத்த பாவத்தைச் செய்த பாவமாகச் சொல்லிவிட்டார்களா? இடிதான் விழுந்து எரித்ததா?

அன்று என் வேலை போகவில்லை. மகன் என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, கேட்டில் நின்ற என் கணவரோடு கை குலுக்கினார். என்ன நடந்தது என்று கணவருக்கு விளக்கவே அஜ்மான் வரும்வரை ஆனது.

"அப்ப ரெண்டு வீட்டுலயும் நாங்கதான் கொளுத்துனோம்னு சொல்லுதாவளா?" என்றார். "நம்ம ஊர்ல ஒருத்தன் ஒத்துக்கிடுவானா?"

ஜூன் மாதம் கடைசிப் பூசை. அங்கே ஞாயிறு காலை, இங்கே சாயங்காலம். நேரடியாக ஒளிபரப்பினார்கள். அதற்குள் புத்தகமும் வந்துவிட்டது. மகன் எனக்கொரு பிரதி தந்தார். எரிந்ததைப் பற்றி ஒரே வரிதான், 'இடி தாக்கியதாகக் கருதப்படுகிறது' என்று. கருதப்படுகிறது என்ற சொல்லுக்காக டீச்சர் அம்மா ஒரு வாரம் யோசித்தாராம். முட்டைக்குத் தனியாக அரைப்பக்கம். மேற்குக் கரைப் பெண்கள் சாந்துக்காகக் கூடை கூடையாக முட்டை கொடுத்தார்கள், ஒரு குடும்பத்தின் நேரடி நினைவு என்று. அதைப் படித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே எடுத்துக்கொண்டு போனேன். மகனிடம் சொன்னேன், இது என் ஊர்க் கதையாகவும் இருக்கலாம் சார் என்று. அவர் என்னையே பார்த்தார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனிமே யார் சுவரை உடைச்சுப் பார்க்கப் போறாங்க?" என்றார்.

பெரிய டிவியின் முன்னால் மம்மாவின் நாற்காலியை நிறுத்தினோம். நான் மனதில் கட்டி வைத்திருந்தது எங்கள் ஊர்க் கோவில் போல வெள்ளையடித்த, கடல் காற்றில் உப்பேறிய உயரமான ஒன்று. திரையில் இருந்தது சின்னச் செங்கல் கட்டடம். உள்ளே வெளிர் பச்சை வண்ணம், நாற்பது ஐம்பது பேர், பாதிப் பேர் கைத்தடியோடு. மூன்று மாதமாக எழுதிய கோவில் இதுதானா என்று இருந்தது. வேறு யாருடைய கோவிலையோ பார்ப்பது போல இருந்தது.

பூசை முடிந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகப் பெஞ்சைத் தொட்டுவிட்டு வெளியே போனார்கள். ஒளிபரப்பியவர் கேமராவை அணைக்க மறந்துவிட்டார் போல. காலியான பெஞ்சுகள் மட்டும் திரையில் அப்படியே நின்றன. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

மம்மா என் பக்கம் திரும்பி, "பூசை எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

"முடிஞ்சுடுச்சும்மா" என்றார் மகன். அதே நேரத்தில் நான், "இன்னும் கொஞ்ச நேரத்துல மம்மா" என்று சொல்லிவிட்டேன். மம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அக்டோபரில் மம்மா இறந்தார். தூக்கத்தில், சிரமம் இல்லாமல். கோவிலை மூடினாலும் கல்லறைத் தோட்டத்தை மூட மாட்டார்களாம். மகன் உடலை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். நான் வேறு வீட்டில் டியூட்டிக்குச் சேர்ந்துவிட்டேன். துபாயிலேயே தேராவில் ஒரு பெரியவர், பக்கவாதம். ஒரு நாள் ராத்திரி டியூட்டியில் அவரைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அமெரிக்காவிலிருந்து மகனின் போன் வந்தது.

அடக்கம் முடிந்து அப்போதுதான் எல்லோரும் சாப்பிட்டார்களாம். ஊரிலேயே வயதான மனிதர், காது சரியாகக் கேட்காதவர், மகனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். பேச்சு வாக்கில் மரக்கோவில் எப்படி எரிந்தது என்று இவர் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாரு சார்?"

"அடுப்பாம். குளிருக்குக் கோவிலுக்குள்ள இரும்பு அடுப்பு வச்சிருந்தாங்களாம். சாம்பலை ஒழுங்கா அள்ளல. இது ஊருக்கே தெரியும்னார்."

"இடி?"

"எந்த இடின்னு கேட்டார்."

அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அதைத்தான் நானும் கேட்டேன் என்றார் மகன். அந்த மனிதர் காதில் கை வைத்து, "என்ன?" என்றாராம். இவர் இன்னும் சத்தமாகக் கேட்டாராம். அவர் தட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு கேக் எடுக்க எழுந்து போய்விட்டாராம்.